பழைய டியூப் டிவி: மூடியைக் கழற்றும் முன்னும் பின்னும்

போன ஐப்பசி மழையில் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாத மாடிப்படி. கூடத்தில் 21 அங்குல டியூப் டிவி, அதன் தலையில் செட்டாப் பாக்ஸ், அதற்கும் மேல் பூவேலை செய்த துணி. போட்டதும் படம் தண்ணீருக்குள் கிடப்பது போலக் கலங்கலாக வரும், கால் மணி நேரம் போனால் மெல்லத் தெளியும். “ரெண்டு பேர் வந்து பாத்துட்டாங்க தம்பி, டியூப் போச்சுன்னு சொல்லிட்டாங்க” என்றார் வீட்டுக்கார அம்மா.

டியூப் போகவில்லை. டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு. கடற்கரை கூப்பிடு தூரம், உப்புக்காற்று வேலையைக் காட்டியிருந்தது. புது சாக்கெட் பற்றவைத்ததும் எழுத்தெல்லாம் கத்தி மாதிரி நின்றது.

‘டியூப் போச்சு’ என்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. அதை முதலில் சொல்லிவிடுவதால் எத்தனையோ நல்ல டிவிகள் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன. எங்கே கோளாறு என்பதைப் பெரும்பாலும் டிவியே திரையிலும் சத்தத்திலும் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்கப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

எந்த டிவிக்கு இது பொருந்தும்

1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் ஒரு வகை. டயனோரா, சாலிடேர் எல்லாம் இந்த ஊரிலேயே தயாரானவை. அவை சிலவற்றில் வால்வுகூட உண்டு, அது தனி வைத்தியம். நான் இங்கே பேசுவது 1982க்குப் பிறகு பரவிய கலர் டிவிகளைப் பற்றி, முக்கியமாக 90களிலும் 2000களிலும் வந்தவை. 2006இல் தொடங்கிய அரசின் இலவசக் கலர் டிவித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகளும் இதில் அடக்கம்.

இன்று இவற்றை யார் வைத்திருக்கிறார்கள்? பழகிய பெட்டியை விட மனமில்லாத பெரியவர்கள், கேசட் போட்டு ஆடும் பழைய வீடியோ கேமை அதே திரையில் ஆட நினைக்கும் நாற்பது வயதுக்காரர்கள். அப்புறம் வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் இருந்து வரும் சினிமா கலைத்துறைப் பையன்கள்: “அண்ணே, எண்பதுல நடக்குற கதை, டிவி ஓடணும்.” அவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. நம் டிவி நொடிக்கு 50 முறை திரையை வரைகிறது. கேமராவை 25 ஃபிரேமில், ஷட்டரை 1/50இல் வைத்தால் திரையில் கறுப்புப் பட்டை ஓடித் தொல்லை தராது.

முதலில் உயிர்

ஈயம் பற்றவைத்துப் பழக்கமில்லை என்றால் இதைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், மெக்கானிக்கிடம் ஏமாறாமல் பேச உதவும். மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். உள்ளே மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

ஒன்று, பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டன்சர். 230 வோல்ட் ஏசி அங்கே ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. டிவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் ஆஃப் செய்ததும் பெரும்பாலும் வடிந்துவிடும். பவர் சப்ளை செத்துப்போன டிவியில் அதை வடிக்க ஆளில்லாததால் ப்ளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் அப்படியே காத்திருக்கும். ஆக, ஓடாத டிவிதான் அதிகம் கடிக்கும். 60 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு வயரையும் கண்டன்சரின் இரண்டு காலிலும் வையுங்கள். மின்னி அணையும். பிறகு மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தட்டுவது நம்மூர்ப் பழக்கம். போர்டின் தடமும் போகும், கண்ணுக்கும் ஆபத்து.

இரண்டாவது, டியூபின் முதுகில் ரப்பர் தொப்பியோடு செருகியிருக்கும் ஆனோடு. கலர் டிவியில் அங்கே 20,000 முதல் 27,000 வோல்ட் வரை. டியூபின் கண்ணாடியே ஒரு கண்டன்சர் போல அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தொப்பியையோ, இந்த வோல்டேஜை உண்டாக்கும் ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மரையோ கழற்ற வேண்டியிருந்தால் மட்டும் அதை வடிக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு, நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவரின் உலோகத்தில் ஒரு வயரை இறுக்கிக் கட்டி, மறுமுனையை டியூபின் முதுகில் ஓடும் மூடாத பின்னல் கம்பியில் மாட்டுங்கள். ஹீட் சிங்கிலோ போர்டிலோ மாட்டினால் ஐசிகள் சாகும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் தொப்பியின் அடியில் ஸ்க்ரூடிரைவரை மெல்ல நுழையுங்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம். சில நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை, ஏனென்றால் கண்ணாடியில் கொஞ்சம் மீண்டும் ஊறி வரும்.

மூன்றாவது, டியூபின் கழுத்து. உள்ளே வெற்றிடம், கழுத்தோ மெல்லிய கண்ணாடி. போர்டை இழுக்கும்போது அதன் மேல் பாரம் விழுந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும், அத்தோடு கதை முடிந்தது. டிவியைத் தூக்கும்போதும் முகக் கண்ணாடி நெஞ்சைப் பார்க்க வேண்டும், கழுத்துப் பக்கம் கை போகக் கூடாது.

இன்னொன்றும் உண்டு: போர்டில் இரண்டு எர்த். பவர் சப்ளையின் மெயின் பக்கம் ஒன்று, அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும். மற்றது டியூனரின் உலோக உடம்போடு சேர்ந்தது. மெயின் பக்கம் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயர் பெரிய கண்டன்சரின் மைனஸில் இருக்க வேண்டும், மற்ற இடங்களை அளக்கும்போது டியூனர் உடம்பில். இதை மாற்றி வைத்துவிட்டு “வோல்டேஜே வரல” என்று தலையைப் பிய்த்துக்கொண்ட நாட்கள் எனக்கு உண்டு.

கையில் இருக்க வேண்டியவை

டயோடு ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர், 25 வாட் அயர்ன், 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப், பெயின்ட் அடிக்கும் பிரஷ். இவற்றோடு சீரிஸ் போர்டு. அது இல்லாமல் டியூப் டிவியைத் தொடாதீர்கள். ஒரு பிளக் பாயின்ட்டுக்குத் தொடராக 100 வாட் பல்பு, அவ்வளவுதான். பழைய இழை பல்பாகவே இருக்க வேண்டும், எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. இப்போது இழை பல்பு தேடித்தான் வாங்க வேண்டும், கிடைத்தால் நாலைந்து வாங்கிப் போட்டுவிடுங்கள். டிவிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மற்றதைக் காப்பாற்றும். சரியான டிவியில் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கும்.

உதிரிக்கு ரிட்சி தெரு, பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு. பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள், எண்ணை வாயால் சொல்லி வாங்காதீர்கள். ஈஎச்டியை ஓட்டும் லைன் டிரான்சிஸ்டர்களில் போலி அதிகம் உலவுகிறது. மேலே அச்சடித்த எண்ணை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், சட்டென்று அழிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.

திறக்காமலே பாதி வேலை

படம் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிவியை அல்ல, அதற்குப் படம் கொடுப்பதை. சென்னைக்காரர்களுக்கு செட்டாப் பாக்ஸ் 2003 செப்டம்பரிலேயே அறிமுகம். இன்று அது இல்லாமல் டியூப் டிவியில் சேனல் எதுவும் வராது. மஞ்சள் வயரை மாற்றிப் பாருங்கள். டிவி ஏவியில் இருக்கிறதா? பாக்ஸின் அமைப்பில் பட முறை நம்மூர் பால் (PAL) என்பதற்குப் பதில் என்டிஎஸ்சி (NTSC) என்று மாறியிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், சில டிவியில் உருளவும் செய்யும். ரிமோட்டில் குழந்தைகள் விளையாடியதற்கு நாம் போர்டைப் பிரிக்கக் கூடாது.

அப்புறம் மூன்று கேள்விகள். முன்பக்கச் சிவப்பு விளக்கு எரிகிறதா? போட்டதும் திரை முன்னால் கையை நீட்டினால் முடி சிலிர்க்கிறதா? பின்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தால் டியூபின் கழுத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் தெரிகிறதா?

விளக்கே இல்லை என்றால் பவர் சப்ளை. விளக்கு உண்டு, சிலிர்ப்பு இல்லை என்றால் லைன் பகுதி, அதாவது படத்தை இடம் வலமாக விரித்து ஆனோடு வோல்டேஜையும் உண்டாக்கும் பகுதி. பெரும்பாலான டிவிகளில் கழுத்தின் ஹீட்டருக்கு ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மரில் இருந்துதான் சப்ளை போகிறது. அதனால் கழுத்து ஒளிர்ந்தால் லைன் பகுதி ஓடுகிறது என்று அர்த்தம். சிலிர்ப்பும் ஒளியும் இருந்து திரை மட்டும் இருட்டு என்றால் வீடியோ பகுதியோ, டியூபின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் ஸ்க்ரீன் வோல்டேஜோ.

திறந்ததும் செய்ய வேண்டியது

வடித்துவிட்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். சென்னை டிவிக்குள் தூசி மட்டும் இருக்காது. கரப்பான் குடும்பம், பவர் சப்ளையில் குறுக்கே படுத்து உயிரை விட்ட பல்லி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. பல்லியின் வால் ஒரு ஃப்யூஸைக் காலி செய்யப் போதும்.

பிறகு போர்டைத் திருப்பி, நல்ல வெளிச்சத்தில் ஈயத்தைப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய மோதிரம் போல விரிசல் தெரிந்தால் அது டிரை சோல்டர். சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, வருடக்கணக்கில் அதே வேலையாக இருந்த இடங்களில்தான் இது வரும்: லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரின் மூன்று கால், பக்கத்தில் இருக்கும் குட்டி டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் நான்கு கால், ஈஎச்டியின் கால்கள், வெர்டிகல் ஐசி, டியூபின் கழுத்தில் மாட்டிய செம்புச் சுருளான யோக்கின் கனெக்டர், பவர் சுவிட்ச். இவற்றில் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புது ஈயம் வையுங்கள். பழையதன் மேலேயே பூசினால் மறுபடி விடும். தட்டினால் ஓடும், தட்டினால் நிற்கும் டிவிகளில் பெரும்பாலானவை இந்த அரைமணி நேர வேலையிலேயே எழுந்துவிடும்.

விளக்கே எரியவில்லை

ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி கறுத்து, வெள்ளி தெறித்தது போல இருந்தால் பெரிய ஷார்ட். உள்ளே கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் வோல்டேஜ் ஏறியதாலோ வயதாலோ இருக்கலாம். அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். செப்புக் கம்பி சுற்றி ஓட்டிய டிவிகள் என்னிடம் வரும்போது ஃப்யூஸ் மட்டும்தான் நன்றாக இருக்கும்.

ஃப்யூஸ் கறுத்திருந்தால் டீகாஸ் பாசிஸ்டரை (திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருளுக்கு மின்சாரம் விடும் பாகம்) தனியே கழற்றிவிட்டு மற்றதைச் சோதியுங்கள். அது உள்ளே உடைந்திருந்தால் குலுக்கும்போது கலகலக்கும். அடுத்து ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜின் நான்கு டயோடுகள், பிறகு பவர் சப்ளையின் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் அல்லது ஐசி.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் சீரிஸ் போர்டில் போட்டுப் பெரிய கண்டன்சரை அளக்க வேண்டும். வோல்டேஜே இல்லை என்றால் சுவிட்சும், வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டரும் குற்றவாளிகள். 300க்கு மேல் நிற்கிறது, ஆனால் டிவிக்கு அசைவில்லை என்றால் பவர் சப்ளை கிளம்பவில்லை. கிளப்பிவிடும் வேலை ஒன்றிரண்டு பெரிய கிலோ ஓம் ரெசிஸ்டர்களுடையது. பார்க்க நன்றாக இருக்கும், அளந்தால் ஓப்பன். அதோடு ஹீட் சிங்குக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டி எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள், 22, 47 மைக்ரோ ஃபாரட் அளவில் இருப்பவை. வெயிலில் வைத்த வடாம் மாதிரி சூட்டில் காய்ந்துபோயிருக்கும். அவற்றை அளந்துகொண்டு நேரம் போக்காமல் 105 டிகிரி வகையில் புதிதாக மாற்றிவிடுவேன். இதே குட்டிக் கண்டன்சர் காய்ந்தால் சில டிவிகளில் சப்ளை நிற்பதற்குப் பதில் எகிறும், எகிறினால் லைன் டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும்.

டிக், டிக், டிக்

போட்டதும் உள்ளே இருந்து டிக் டிக் என்றோ, மெல்லிய விசில் போலவோ சத்தம் வந்து படம் வரவில்லை என்றால் பவர் சப்ளை கிளம்பப் பார்க்கிறது, யாரோ காலைப் பிடித்து இழுக்கிறார்கள். பெரும்பாலும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்.

நடுக்காலுக்கும் எமிட்டருக்கும் டயோடு ரேஞ்சில் அளந்து பாருங்கள், வயரை மாற்றி மாற்றி. இரண்டு பக்கமும் பீப் அடித்தால் ஷார்ட். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே சில பத்து ஓம் காட்டுகிறது என்று பயப்பட வேண்டாம். பல டிரான்சிஸ்டர்களில் அந்த ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது. டேம்பர் டயோடும் அப்படித்தான். பியூ 508 ஏ என்றால் டயோடு இல்லாதது, பியூ 508 டி என்றால் உள்ளே டயோடு உண்டு. எது இருந்ததோ அதே வகையைப் போடுங்கள்.

புதியதைப் போடும் முன் பவர் சப்ளையை மட்டும் தனியே சோதித்தாக வேண்டும். இந்த ஒரு பழக்கம் எனக்கு எவ்வளவோ காசு மிச்சப்படுத்தியிருக்கிறது.

1. லைன் டிரான்சிஸ்டரைக் கழற்றி வையுங்கள்.
2. பி பிளஸ் (லைன் பகுதிக்குப் போகும் முக்கிய டிசி சப்ளை) ஃபில்டர் கண்டன்சரின் இரண்டு காலிலும் 60 வாட் பல்பை லோடாகக் கட்டுங்கள். 100 மைக்ரோ ஃபாரட் 160 வோல்ட் என்று இருப்பது பெரும்பாலும் அதுதான்.
3. சீரிஸ் போர்டில் போடுங்கள். ஷார்ட் இல்லை என்று தெரிந்த பிறகு நேரடி மின்சாரத்தில் போட்டு பி பிளஸை அளங்கள். 14 அங்குலத்தில் 100 முதல் 115 வோல்ட், பெரிய திரைகளில் 130, 145 வரை போகும். போர்டிலேயே பல சமயம் அச்சடித்திருக்கும், அந்த எண்தான் வேதம்.
4. அளவு சரியாக, ஆடாமல் நின்றால் கோளாறு லைன் பகுதியில். 150, 160 என்று ஏறினால் உடனே நிறுத்துங்கள், பவர் சப்ளையைச் சரிசெய்யாமல் புது டிரான்சிஸ்டரைக் காட்டவே கூடாது. லைன் டிரான்சிஸ்டர் இல்லாமலும் டிக் டிக் அடித்தால் பக்கத்து டயோடுகளில் ஒன்று ஷார்ட்.

கற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒரே மாலையில் மூன்று டிரான்சிஸ்டரைச் சாகடித்திருக்கிறேன். ஒன்று போட்டேன், பட். இன்னொன்று போட்டேன், பட். மூன்றாவதும் போனதும் வாத்தியார் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “செத்தவனையே பாக்காதடா, கொன்னவனத் தேடு.” கொன்றது டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு காலில் இருந்த டிரை சோல்டர். மற்ற கொலைகாரர்கள்: எகிறிய பி பிளஸ், உள்ளே சுற்று ஷார்ட்டான ஈஎச்டி, டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கும் 1600 அல்லது 2000 வோல்ட் ரீட்ரேஸ் கண்டன்சர். இந்தக் கண்டன்சரை மட்டும் கழற்றிவிட்டு டிவியை ஓட்டிப் பார்க்கவே கூடாது. ஈஎச்டி வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். மாற்றும்போது மைக்ரோ ஃபாரடும் வோல்ட்டும் இம்மி பிசகாமல் அதே அளவு வேண்டும்.

புது டிரான்சிஸ்டர் போட்ட பிறகு முதல் ஓட்டம் சீரிஸ் போர்டில்தான். ஐந்து நிமிடம் ஓட்டி, ஆஃப் செய்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் ஈஎச்டி மேல் சந்தேகம்.

நடுவில் ஒரே கோடு

திரை நடுவே இடமிருந்து வலமாக ஒரு வெள்ளைக் கோடு. வீட்டுக்காரர்கள் அதிகம் பயப்படும் கோளாறு இது, எனக்குப் பிடித்ததும் இதுதான். டியூப் நன்றாக இருக்கிறது, ஈஎச்டி நன்றாக இருக்கிறது, பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்று மூன்று நற்சான்றிதழை அந்தக் கோடே தருகிறது. மேலிருந்து கீழாக விரிக்கும் வெர்டிகல் பகுதி மட்டும் படுத்துவிட்டது.

முதலில் பிரைட்னஸைக் குறையுங்கள், அல்லது ஈஎச்டியில் ஸ்க்ரீன் என்று எழுதிய திருகைக் கோடு மங்கும் வரை இறக்குங்கள். இல்லாவிட்டால் அத்தனை வெளிச்சமும் ஒரே இடத்தில் விழுந்து திரையில் தழும்பு வைத்துவிடும்.

யோக் கனெக்டரிலும் வெர்டிகல் ஐசியின் கால்களிலும் டிரை சோல்டர் பாருங்கள். அப்புறம் ஐசிக்கு வரும் சப்ளை. எல்ஏ 7840 என்றால் ஆறாவது காலில் 24 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், இரண்டாவது காலான அவுட்புட்டில் அதில் ஏறக்குறைய பாதி. சப்ளை வராவிட்டால் அந்த வழியில் நிற்கும் ஒரு ஓம் அளவு ஃப்யூஸ் ரெசிஸ்டர் போயிருக்கும். அது தானாகச் சாவது அபூர்வம். ஐசி ஷார்ட்டாகி அதைக் கொன்றிருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சப்ளை சரியாக இருந்து அவுட்புட் பூஜ்யத்திலோ முழு சப்ளையிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் ஐசியை மாற்றலாம்.

எண்ணில் கவனம். எல்ஏ 7840, எல்ஏ 78040 இரண்டும் அண்ணன் தம்பி போலப் பெயர், இரண்டுக்கும் ஏழு கால். ஆனால் கால் வரிசை வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைச் செருகினால் புகைதான்.

கோடாக இல்லாமல் மேலே மட்டும் படம் மடிந்து, நாலைந்து வெள்ளைக் கோடுகள் கொத்தாகத் தெரிந்தால் ஐசியைத் தொட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் 100 மைக்ரோ ஃபாரட் பம்ப் கண்டன்சரை மாற்றுங்கள். கீழே சுருங்கிப் படம் குள்ளமானால் யோக் வழியில் நிற்கும் 1000 அல்லது 2200 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். இரண்டும் டீ காசுக்குக் கிடைப்பவை.

கோடு மேலிருந்து கீழாக நின்றால் அது வேறு: யோக்கின் ஹாரிஸான்டல் சுற்றுக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது. கனெக்டர் கருகியிருக்கும். அந்த நிலையில் டிவியை ஓடவிடாதீர்கள்.

கலங்கல் படம், கடற்கரை வியாதி

தொடக்கத்தில் சொன்ன திருவல்லிக்கேணி கேஸ். ஃபோகஸுக்கு சில ஆயிரம் வோல்ட் அந்தச் சின்ன சாக்கெட் வழியாகத்தான் டியூபுக்குள் போகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே களிம்பு பிடித்தால் வோல்டேஜ் கசியும். டிவி சூடாகி ஈரம் காய்ந்ததும் படம் தெளியும். போட்டவுடன் கலங்கல், போகப் போகத் தெளிவு என்றால் ஈஎச்டியில் ஃபோகஸ் திருகைத் திருகி நேரம் போக்காமல் சாக்கெட்டை மாற்றுங்கள். ராயபுரம், திருவொற்றியூர், பெசன்ட் நகர் பக்கத்து டிவிகளில் கலங்கல் என்று போன் வந்தாலே நான் பையில் இரண்டு சாக்கெட் எடுத்து வைத்துக்கொள்வேன். சுத்தம் செய்து மாட்டினால் சில வாரம் ஓடும், அப்புறம் மறுபடி கூப்பிடுவார்கள்.

மழைக்காலத்தின் இன்னொரு தொல்லை, ஆனோடு தொப்பியைச் சுற்றிப் படபடவென்று நீலப் பொறி. வடித்துவிட்டு, தொப்பியின் உட்புறத்தையும் கண்ணாடியையும் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும். பொறி ஈஎச்டியின் உடம்பிலேயே ஒரு விரிசலில் இருந்து வந்தால் எம்சீல் பூசிப் பார்ப்பார்கள். நானும் பூசியிருக்கிறேன். ஒட்டியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு மறுபடி வரும். ஈஎச்டியையே மாற்றுங்கள்.

நிறத்தில் கோளாறு

கழுத்தில் மாட்டிய குட்டி போர்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டிரான்சிஸ்டர்கள். அங்கே ஒரு விதியை மனதில் வையுங்கள்: டியூபின் கேத்தோடில் (அந்த நிறத்துக்கான கதிர் கிளம்பும் முனை) வோல்டேஜ் குறைந்தால் அந்த நிறம் கூடும், வோல்டேஜ் ஏறினால் நிறம் குறையும். முதலில் எனக்கும் தலைகீழாகத்தான் தோன்றியது.

திரை முழுக்கச் சிவப்பாகி, குறுக்கே சாய்வான மெல்லிய கோடுகள் தெரிந்தால் சிவப்புக் கேத்தோடில் வோல்டேஜ் விழுந்துவிட்டது. டிரான்சிஸ்டர் ஷார்ட்டா, டியூபுக்குள் ஷார்ட்டா? கேத்தோடுக்குப் போகும் ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு டிரான்சிஸ்டரின் கலெக்டரை அளங்கள். வோல்டேஜ் மற்ற இரண்டைப் போல ஏறிவிட்டால் குற்றம் டியூபுக்குள், ஏறாவிட்டால் டிரான்சிஸ்டரில்.

ஒரு நிறம் காணவில்லை என்றால் திரை எதிர்நிறத்துக்குச் சாயும். சிவப்பு போனால் நீலப்பச்சை, பச்சை போனால் ஊதா கலந்த சிவப்பு, நீலம் போனால் மஞ்சள். பெரும்பாலும் குட்டி போர்டில் டிரை சோல்டர். திரை முழுக்க வெள்ளையாகப் பளிச்சென்று கோடுகளோடு எரிந்தால் மூன்றுக்கும் பொதுவான 180 வோல்ட் சப்ளை இல்லை. அதன் ஃப்யூஸ் ரெசிஸ்டரையும் 250 வோல்ட் ஃபில்டரையும் பாருங்கள்.

மூலையில் மட்டும் பச்சைத் திட்டு, ஊதாத் திட்டு என்றால் காந்தம். பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா? நம் வீடுகளில் டிவிக்கு அடியிலேயே ஸ்டெபிலைசரை வைப்பார்கள், அதுவும் படத்தை அலையவிடும், தள்ளி வையுங்கள். ஆறிய டிவியைப் போட்டதும் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும், அதுதான் டீகாஸ் சுருள் வேலை செய்வது. வராவிட்டால் பாசிஸ்டரை மாற்றுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

படத்தின் இரண்டு ஓரமும் சுருங்கினால் பி பிளஸ் குறைவு. பெரிய திரைகளில் ஓரம் வில் போல உள்ளே வளைந்தால் பக்கவாட்டைத் திருத்தும் பகுதி. படத்தில் இரண்டு கறும் பட்டைகள் மெல்ல மேலேறினால் மெயின் ஃபில்டர் காய்ந்துவிட்டது. சத்தம் மட்டும் இல்லை என்றால் ஸ்பீக்கர் வயரில் தொடங்குங்கள், பெரும்பாலும் சவுண்ட் ஐசி வரை போகாமலே வேலை முடிந்துவிடும். தானாக சேனல் மறந்து, ஒலி ஒளி அளவுகள் குழம்பினால் மெமரி ஐசி. மாற்றும் முன் சர்வீஸ் மெனுவின் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

டியூப் உண்மையிலேயே போனால்

கழுத்துக்குள் வெள்ளி பூசியது போல ஒரு திட்டு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று போய்விட்டது, விவாதமே இல்லை. வயதான டியூப் வேறு மாதிரி. படம் வர நேரமாகும், மங்கும், பிரைட்னஸைக் கூட்டினால் முகங்கள் வெள்ளி பூசியது போலப் பளபளக்கும். சாக்கெட், 180 வோல்ட், ஸ்க்ரீன் வோல்டேஜ் மூன்றும் சரி என்று பார்த்த பிறகும் இப்படி என்றால் மட்டும் ‘டியூப் போச்சு’ சொல்லலாம்.

ஈஎச்டியின் கோரில் கூடுதலாக ஒரு சுற்று சுற்றி ஹீட்டரை ஏற்றிவிடும் வித்தை ஒன்று உண்டு. படம் பளிச்சென்று வரும், வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார், கொஞ்ச நாளில் ஹீட்டரே அறும். சொல்லிவிட்டுச் செய்தால் சரி, சொல்லாமல் செய்வது ஏமாற்று. அந்த ஹீட்டர் வோல்டேஜை சாதா மல்டிமீட்டரில் அளக்கவும் முடியாது. அங்கே ஓடுவது நொடிக்கு 15,625 முறை வரும் பல்ஸ், மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும்.

வேலை முடிந்தால் மூடியை மாட்டி இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். மூடி இல்லாமல் ஓட்டினால் சூடு ஏறாது, சூட்டில் வரும் கோளாறு வெளியே வராது. பூவேலைத் துணி காற்றோட்டத் துளைகளை மூடக் கூடாது என்று திருவல்லிக்கேணி அம்மாவிடம் சொன்னேன். துணி இப்போது செட்டாப் பாக்ஸின் மேல் மட்டும் இருக்கிறது.

சரியாகாத டிவியைக் காயலான் கடையில் போட்டால் யோக்கின் செம்புக்காக டியூபை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் முழுசாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஈஎச்டி, யோக், சாக்கெட், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் நான்கையும் கழற்றி, டிவியின் மாடலை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள். ஈஎச்டி எண்ணைக் கேட்டால் ரிட்சி தெருவில் இப்போதே பாதிக் கடைகளில் தலையாட்டுகிறார்கள்.